பாதி வாக்கியத்தில் பாய்கிறவர்

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். நாம் சொல்ல வந்ததைப் பாதி கேட்பார்; மீதியைத் தானே போட்டு வாக்கியத்தைப் பூட்டிவிடுவார். அவர் மண்டைக்குள் வினைச்சொற்கள் செருப்பு மாட்டிக்கொண்டு தயாராக நிற்கும். ‘தந்தி’ என்றால் ‘செத்துட்டாரா?’ ‘தேர்’ என்றால் ‘நின்னுடுச்சா?’ மூளைக்கு அப்படி என்ன அவசரமோ!

எங்கள் காஞ்சிபுரத்தில் அவர் பெயர் உமாபதி; ஓய்வு பெற்ற குமாஸ்தா. நூலகத்துப் பத்திரிகைகளில், பாதியில் மூச்சை நிறுத்தும் புதுக்கவிதைகளுக்கெல்லாம் ‘வந்தான்’, ‘போனான்’ என்று பென்சிலால் முடிவு எழுதிவைத்திருக்கிறார். கவிஞர்கள் என்ன பாவம் செய்தார்களோ!

நெசவாளர் முனுசாமியோ, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நாம் ஒரு டீ குடித்துவிடலாம், அப்படிப் பேசுகிறவர். போன ஆவணியில் இருவரும் டீக்கடையில் சந்தித்தார்கள்.

“சார், நம்ம தேவகி கூரப்பொடவையில, பார்டர் சரிகையில, ஒரு இழை…”

“அறுந்துபோச்சா! நாளன்னிக்கு முகூர்த்தமாச்சேப்பா!”

“இல்ல சார், அந்த இழைய நான்…”

“முடிச்சுப் போட்டுப் பாத்தே, நிக்கல. தெரியும்பா!”

டீயைப் பாதியில் வைத்துவிட்டு உமாபதி ஓடினார். எங்கே? நேரே பெண் வீட்டுக்கு. அங்கே தேவகியின் அப்பா ராமலிங்கம், தாமல் கிராமத்திலிருந்து வெற்றிலைத் தட்டோடு வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா கிருஷ்ணம்மாளுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார். உமாபதி வாசற்படியிலேயே செய்தியைக் கொட்டினார்.

“கூரப்பொடவையில இழை அறுந்தா குடும்பத்துக்கு ஆவுமா? இந்தக் கல்யாணமே வாணாம்பா!” கிருஷ்ணம்மாள் எழுந்துவிட்டார். உள்ளே தேவகி விம்மும் சத்தம். வெற்றிலைத் தட்டு தெருவுக்கு இறங்கிவிட்டது.

அப்போதுதான் புடவையும் கையுமாக முனுசாமி வந்து சேர்ந்தார்.

“அறுந்துச்சுன்னு யாருமா சொன்னது? பொண்ணு நல்லா இருக்கணும்னு ஒரு இழை சேத்துப் போட்டேன். அதச் சொல்லவுட்டாத்தானே!”

கிருஷ்ணம்மாள் புடவையை விரித்து, பார்டரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவிப் பார்த்தார். தட்டு திரும்பி உள்ளே போனது.

“அதத்தான்மா நானும் சொல்ல வந்தேன்” என்றார் உமாபதி. கூசவே இல்லை.

கிருஷ்ணம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “கல்யாணப் பந்தியில இந்தாளுக்கு எலை…”

‘போடாதீங்க!’

இதைச் சொன்னது உமாபதி இல்லை, வாசகரே. நீங்கள். எனக்குக் கேட்டது.

அந்த அம்மாள் சொன்னது: “நானே போடறேன். பக்கத்துல நின்னு லட்டா வெச்சிக்கினே இருக்கேன். வாயி காலியா இருந்தாத்தானே பேசும்!”

உமாபதி பக்கத்தில் உங்களுக்கும் ஓர் இலை போடச் சொல்லியிருக்கிறேன்.