ஞாயிற்றுக்கிழமை மனசாட்சி

திங்கள் முதல் சனி வரை துணிக் கம்பெனிகளுக்கும், ஞாயிறு ஒருநாள் மட்டும் மனித குலத்துக்கும் உழைக்கிற ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். தோளில் இரண்டு கேமரா, சட்டை முழுக்கப் பை, முகத்தில் உலகத்துக்காக ஒரு நிரந்தர வருத்தம். எந்தப் புகைப்படக் கண்காட்சிக்குப் போனாலும் சுவரோரமாக ஒன்று நின்றுகொண்டிருக்கும். கிட்டே போய்விடாதீர்கள். போனால், "நான் படம் எடுக்கறதில்லைங்க, சாட்சி சொல்றேன்" என்று ஆரம்பித்துவிடும்.

நமக்குத் தெரிந்த ஒருவரையே எடுத்துக்கொள்வோம். வாரநாட்களில் அவர் ஸ்டுடியோவில் இருப்பார். காலையிலிருந்து பட்டினி கிடக்கிற பெண்ணை வெள்ளைத் திரைக்கு முன்னால் நிறுத்தி, புழுக்கத்தில் கம்பளிக் கோட்டை மாட்டிவிட்டு, முடி பறக்க ஃபேனைத் திருப்பி வைத்து, "சந்தோஷமா சிரிம்மா, இப்பதான் சாப்பிட்டு வந்த மாதிரி" என்பார். சாயங்காலம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவள் மச்சம், கழுத்து மடிப்பு என்று படைத்தவன் கவனக்குறைவாக விட்டுவைத்ததையெல்லாம் துடைத்தெடுப்பார். இது வயிற்றுப்பாடு. ஞாயிற்றுக்கிழமை செய்வதுதான் 'என்னோட வேலை'.

"அப்போ வாரத்துல ஆறு நாள் யாரோட வேலையைப் பாக்கறீங்க?" என்று மனைவி ஒருமுறை கேட்டார். அவர் லென்ஸைத் துடைக்கப் போய்விட்டார்.

யாருமே திரும்பிப் பார்க்காத மக்களைத் தேடிப் பிடிப்பது லேசான காரியம் என்றா நினைக்கிறீர்கள்? அவர்களுக்கு ஏகப்பட்ட தட்டுப்பாடு. செங்கல் சூளையை நண்பர் ஒருவர் முடித்துவிட்டார். உப்பளத்தை இன்னொருவர் கெட்டி அட்டை போட்ட புத்தகமாகவே கொண்டுவந்துவிட்டார். நம்மவர் அலையாய் அலைந்து, கடைசியில் பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிற பெண்களைக் கண்டுபிடித்தார். "ஒருத்தனும் தொடலை!" என்று மனைவியைத் தட்டி எழுப்பிச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டிப்போவுக்குப் போனால், படம் எடுக்க ஆள் வருகிறது என்று தெரிந்து அத்தனை பேரும் குளித்து, தலைவாரி, இருப்பதிலேயே நல்ல உடுப்பில் வந்து நிற்கிறார்கள். அவர் அவசரமாகக் கையை ஆட்டினார்.

"இதெல்லாம் வேணாம்மா. எப்பவும் போல இருங்க."

"லீவு நாள்ல எப்பவும் இப்படித்தான் சார் இருப்போம்."

எல்லோரையும் வேலை உடுப்புக்கு மாற்றி, பக்கெட்டில் தண்ணீர் மொண்டு மேலே ஊற்றி, உண்மையை ஒருவழியாக வரவழைத்தார்.

"சிரிக்காதீங்க. யோசிங்க."

"எதை சார்?"

"உங்க கஷ்டத்தை."

அவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு சிரித்த சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டுவிட்டார்.

கிளம்பும் நேரத்தில், அங்கே சேர்ந்து வேலை செய்கிற அக்கா தங்கை இருவரில் அக்கா வந்து நின்றார். "இவளை மட்டும் நல்லா சிரிச்ச மாதிரி ஒண்ணு எடுங்க சார். இவ படம் எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல. போன்ல தண்ணி பூந்து, எடுத்தா புகை மாதிரி வருது."

நம்மவருக்கு ஞாயிறென்றால் பிலிம் கேமராதான். உண்மை டிஜிட்டலில் பதியாதாம். அதற்காகச் சிரிப்புக்கெல்லாம் பிலிமைச் செலவழிக்க முடியுமா? முகத்தில் அடித்த மாதிரி மறுக்கவும் மனசு வராது. இதற்கென்றே இந்த இனத்திடம் ஒரு கைவேலை இருக்கிறது. படம் எதுவும் பதியாது, ஃபிளாஷ் மட்டும் பளிச்சென்று வெட்டும். வெட்டியது. தங்கை வாய்கொள்ளாமல் சிரித்தாள். "பிரமாதமா வந்திருக்கும்மா" என்று சொல்லிவிட்டு அவர் பையை மூடினார்.

அடுத்த மாதம் அக்கா மட்டும் ஸ்டுடியோவைத் தேடிக்கொண்டு வந்தார். தங்கை காய்ச்சலில் போய்விட்டாளாம். அந்தப் படம் வேண்டுமாம்.

அவர் கண்காட்சிக்காகப் பெரிதுபெரிதாகப் போட்டு வைத்திருந்ததையெல்லாம் எடுத்துக் காட்டினார். அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எல்லாத்துலயும் அழுவுற மாதிரி இருக்கா சார். அவ அப்படி இல்ல. அந்தச் சிரிச்ச படம்தான் வேணும்."

"அது... லேப்ல இருக்கும்மா. நாளைக்கு வாங்க."

அவர் கெட்டவர் இல்லை. ஒரு விளம்பர வேலையையே அன்றைக்குத் தள்ளிவைத்தார் என்றால் பாருங்களேன்! தங்கையின் சோகப் படம் ஒன்றைத் திரையில் விரித்து, அவள் அன்று எப்படிச் சிரித்தாள் என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை. ஃபிளாஷ் வெட்டிய நேரத்தில் வீட்டுக்கு எந்த வழியாகப் போனால் நெரிசல் இருக்காது என்று யோசித்துக்கொண்டிருந்தவர் அவர். கடைசியில் கம்பளிக் கோட்டுப் பெண்ணின் சிரிப்பை வெட்டியெடுத்து ஒட்டினார். ஒட்டிய இடம் தெரியவில்லை. அவர் செய்ததிலேயே சுத்தமான வேலை அதுதான்.

மறுநாள் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"டிரஸ் அவளோடதுதான்" என்றார். "யாரு சார் இது?"

அவர் உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார், சத்தியமாக. அதற்குள் அக்கா ஜன்னலோர ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். படம் மடியில் கிடந்தது. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. ஒரு பக்கமாக வெளிச்சம். என்ன வெளிச்சம்! கை தானாக ஞாயிற்றுக்கிழமைக் கேமராவுக்குப் போயிற்று. இந்தமுறை பிலிமில் பதிந்தது.

இந்த வருடம் பரிசு வாங்கியது அந்தப் படம்தான்.

அடப்பாவி என்கிறீர்களா? சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். போன வருடம் உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் போனும் கையுமாக அலைந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? ஓரமாக உட்கார்ந்திருந்த அத்தை, தலையைச் சரிசெய்துகொண்டு, "என்னையும் ஒண்ணு எடு கண்ணு, மறக்காம அனுப்பு" என்றாரே. "இன்னிக்கே அனுப்பறேன் அத்தை" என்று நீங்களும் வாய் நிறையச் சொன்னீர்களே. அனுப்பினீர்களா இல்லையா என்பது உங்கள் குடும்ப விஷயம், அதில் நான் தலையிடவில்லை.

அத்தை சௌக்கியம்தானே?