விறகு விலை

"விறகு" என்றார் கோல்காரர்.

பக்கத்தில் நின்ற மனைவிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அவரோடு குடும்பம் நடத்துகிறவள். 'அருமையான மரம்' என்று அவர் சொன்னால் அது அடுப்புக்குப் போகும். 'சுமார்' என்றால் இன்னொரு தரம் தட்டிப் பார்ப்பார். 'விறகு' என்றால் அதை வாங்காமல் படி இறங்க மாட்டார். விற்கிறவர் எதிரே மரத்தைப் புகழ்ந்தால் விலை ஏறிவிடும் என்று அவர் பழகிக்கொண்ட பாஷை அது.

பில்லியர்ட்ஸ் ஆடுகிறவர்களுக்குக் கோல் கடைவது அவர் தொழில். மூன்று முறை கோப்பை வாங்கிய ஒரு பெண்ணின் கோல் ஆறு மாதத்துக்கு முன் முறிந்துபோனது. அடுத்தது ஐம்பது வருஷமாவது காய்ந்த மேப்பிள் மரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இடிக்கிற வீடு, மூடுகிற பள்ளிக்கூடம் என்று அவர் ஏறாத படியில்லை. போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம்தான்.

இப்போது ஒரு தையற்கடையின் பின்னறையில், துணி வெட்டும் மேசை அவர் முன்னால் கிடந்தது. மூன்று விரல் கனப் பலகை. விரல் முட்டியால் தட்டினார். வெண்கலப் பாத்திரம் போலப் பேசியது. ஓரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தார். ரேகைகள் நோட்டுப் புத்தகக் கோடு மாதிரி கடைசிவரை நேராக ஓடின. அடிப்பக்கம் கத்தியால் இம்மியளவு சீவி நாக்கில் வைத்தார். ஒட்டிக்கொண்டது. சொட்டு ஈரமில்லை. பல வருஷம் தினமும் இஸ்திரிப் பெட்டிச் சூடு வாங்கிய மரம். தேடினாலும் கிடைக்காது.

அதனால்தான் விறகு என்றார்.

"அப்படியாண்ணே?" தையல்காரம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "அவரும் போயிட்டாரு. இதாவது நாலு காசுக்குப் போகும்னு நெனச்சேன். பரவால்ல, உண்மையைச் சொன்னீங்களே." ஜன்னல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "லாரிக்காரரே! இதையும் பொளந்து ஏத்திடுங்க!"

வெளியே தார்ப்பாய் மூடிய லாரியோடு நின்ற ஆள் கோடரியோடு உள்ளே வந்தான். வந்த வேகத்தில் ஓங்கிவிட்டான்.

"இருப்பா, இரு!" கோல்காரர் குறுக்கே பாய்ந்தார். "எதுக்கும்மா உங்களுக்குச் சிரமம்? நானே எடுத்துட்டுப் போறேன்."

"விறகை உங்க தலையில கட்டச் சொல்றீங்களா? நான் அப்படிப்பட்டவ இல்லண்ணே. நீங்க வெட்டுங்க, லாரிக்காரரே."

"வெட்டாதே! உள்ளே... உள்ளே செல்லு அரிக்குது. பொளந்தா வீடு முழுக்கப் பரவிடும். முழுசா வெளியே கொண்டுபோறதுதான் நல்லது."

அவருக்கே அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

"செல்லா!" தையல்காரம்மா இரண்டடி பின்வாங்கினாள். "லாரிக்காரரே, மண்ணெண்ணெய் இருக்கா?"

"அஞ்சு லிட்டர் கெடக்கு" என்றான் லாரிக்காரன்.

இத்தனை வருஷமாகத் துளித்துளியாக உலர்ந்த மரம் ஒரு நிமிஷத்தில் மண்ணெண்ணெய் குடித்துவிடும். கோல்காரர் மனைவியைப் பார்த்தார். ஏதாவது செய்யேன் என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஏங்க, உங்க வீட்டுக்காரர் கைபட்ட மேசை. கொளுத்த மனசு வருமா? ஞாபகார்த்தமா நாங்க வச்சுக்கறோமே."

"அட, எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கு!" தையல்காரம்மா கண்ணைத் துடைத்தாள். "அப்போ ஆளுக்குப் பாதி. உங்களுக்கு ஒரு ஞாபகம், எனக்கு ஒரு ஞாபகம். லாரிக்காரரே, நடுவுல அறுங்க."

ரம்பம் வந்தது. பலகையின் நட்டநடுவில், ரேகைகளுக்குக் குறுக்கே அதன் பற்கள் உட்கார்ந்தன. பாதியாக்கினால் முழு நீளக் கோல் ஒன்றுகூடத் தேறாது. பூரிக்கட்டை வேண்டுமானால் கடையலாம்.

ரம்பம் ஒரு இழுப்பு நகர்ந்திருக்கும். கோல்காரர் மேசைமேல் குப்புற விழுந்து அதைக் கட்டிக்கொண்டார்.

"அறுக்காதே! கையை எடு!"

"என்னண்ணே, விறகுக்குப் போயி..."

"விறகா? யாரு சொன்னது விறகுன்னு? நான்தான் சொன்னேன், என் வாயில மண்ணு! அம்மா, முப்பது வருஷமா மரம் தட்டறேன். இப்படி ஒரு சத்தத்தை இதுவரைக்கும் கேட்டதில்ல. இந்த ரேகையைப் பாருங்க. ஒண்ணாவது கோணலா இருக்கா? இது வெயில், மழை எல்லாம் பார்த்து அலுத்துப் போயி இனிமே எதுக்கும் வளையறதில்லைன்னு உட்கார்ந்திருக்கிற மரம். இதுல கோல் செஞ்சா பந்து எங்க போகணும்னு கோலுக்கே தெரியும்!"

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்தது கதை.

மேசைமேல் படுத்தபடியே அவர் மூச்சு வாங்கினார்.

"எனக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும்?" என்றாள் தையல்காரம்மா மெதுவாக. "நீங்களே ஒரு விலை சொல்லுங்கண்ணே."

இவ்வளவு புகழ்ந்த வாயால் எப்படிக் குறைத்துச் சொல்வது? மரத்தின் உண்மையான விலையைச் சொன்னார். வாழ்நாளில் முதல் தடவை. தையல்காரம்மா தலையாட்டினாள்.

லாரிக்காரன் பலகையைக் கழற்றி, கம்பளியில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்குவது போல வாசலில் நின்ற கோல்காரரின் வேனில் வைத்தான். கோடரி பிடித்த அதே கைதானா என்று கோல்காரர் அதிசயப்பட்டார்.

வேன் தெருமுனைக்கு வந்ததும் மனைவி அவர் பக்கம் திரும்பினாள்.

"நெஜமாவே அவ்வளவு நல்ல மரமா?"

"நான் குடுத்த விலை கம்மி. அந்தப் பொண்ணு இதை ஒரு தரம் கையில பிடிச்சா கீழே வைக்க மாட்டா." திடீரென்று பிரேக்கை மிதித்தார். "ஐயோ, கால்!"

"என்ன, சுளுக்கிக்கிச்சா?"

"மேசைக் காலுடி! நாலும் ஒரே ஜாதி மரம். கைப்பிடிக்கு அம்சமா இருக்கும். விட்டுட்டு வந்துட்டேனே!"

வேனை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார். இந்தத் தடவை 'சுமார்' என்று சொல்லிப் பார்ப்பது என்று வழியிலேயே முடிவு செய்தார். கடைக் கதவில் கை வைத்தபோது, லாரியின் தார்ப்பாய் விலகியிருப்பது கண்ணில் பட்டது. மேலே நின்றிருந்த லாரிக்காரன் ஜன்னலைப் பார்த்துக் கத்தினான்:

"அடியே, அந்த ஆளு போயாச்சுல்ல? அடுத்த மேசையை இறக்கட்டுமா?"