சத்தமில்லாத சக்கரம்

பாறசாலை,
புதன்கிழமை.

அன்பு மகள் கிருஷ்ணப்ரியாவுக்கு அப்பா சொக்கநாதன் எழுதுவது. நான் சுகம். அம்மா போன வாரம் இருந்தபடியே. ஸ்ரீஹரி மாப்பிள்ளையும் பேத்தியும் அந்த நெதர்லாந்துக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். நீ இடையில் பேசுவாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி இல்லை. எழுதி முடித்ததும், அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பிந்துஜா படமெடுத்து அனுப்புவாள்.

முதலில் என் சைக்கிளுக்கு நீ அனுப்பிய ஹப், அந்தப் பின்சக்கர நடுக்குடம். வலது கை விரல் மடங்காதவன் கைப்பிரேக்கை நம்பக்கூடாது என்று நீ சொன்னது நியாயம். பக்கத்து ஊரான காரோடு இறக்கத்தில் நான் பிரேக் பிடிக்க முடியாமல் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள் போனதை யாரும் உன்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் வண்டி நிற்கும், கைக்கு வேலையே இல்லை, உங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைகளே அதில்தான் போகிறார்கள் என்றாய். சரி. சைக்கிள் கடை ஷைஜு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாரே, இதுல முப்பத்தாறு ஓட்டை, நம்ம ரிம்முல நாப்பது. நாலு ஓட்டை சும்மா கெடக்கும். ரிம்மையும் மாத்தணுமாக்கும்" என்றான். மாற்றினான். ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரும்புப் பட்டையை அழகுக்கு வைத்தது என்று கழற்றிவிட்டான். அதை ஃபிரேமில் முறுக்காவிட்டால் பிரேக் பிடிக்காது என்பது கடைக்கு எதிரே உள்ள ஓடையில் வைத்து எங்கள் இருவருக்கும் தெரிந்தது. முறுக்கிய பிறகு பிடித்தது. அளவுக்கு மீறிப் பிடித்தது. சிவன் கோயிலைக் கடக்கும்போது பெடலைப் பின்னுக்கு ஒரு சுற்று விட்டு ஒரு கையால் கும்பிடுவது எனக்கு நாற்பது வருடப் பழக்கம். கும்பிட்டேன். சாயாக்கடை செல்லையன் ஓடிவந்து தூக்கி, வேட்டியைத் தட்டிவிட்டு, "சாரே, இந்தக் கோயில் நடையில ஒருபாடு பேருக்க பக்தியக் கண்டாச்சு. சைக்கிளோட சாஷ்டாங்கம் விழுத ஆள இப்பந்தான் காணுதேன்" என்றான்.

இவையெல்லாம் புகார் அல்ல. விழுந்து பழகிவிட்டேன். புகார் இனிமேல்தான்.

அம்மா மூன்று மாதமாக என் முகத்தை அடையாளம் காண்பதில்லை. உன்னிடம் சொல்லவில்லை. ஆனால் நான் பால் பூத்துக்குப் போய்த் திரும்பி, மிதிப்பதை நிறுத்தி நம் வீட்டு இறக்கத்தில் உருண்டு வரும்போது பழைய சக்கரத்தின் ஃப்ரீவீல் டிக்டிக்கென்று அடிக்குமே, அது கேட்டதும் உள்ளேயிருந்து "வந்தாச்சா?" என்பாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அன்று முழுக்க நான் அவள் புருஷனாக இருந்துவிடுவேன். உன் ஹப் தரமானது, சத்தமே கிடையாது. முதல் நாள் பாலோடு படியேறினேன். "ஆரு? வீட்டுல அவரு இல்ல. பிறகு வாங்க" என்றாள். முப்பத்தொரு வருடம் வில்லேஜ் ஆபீசில் உட்கார்ந்து ஜனங்களிடம் நான் சொன்ன அதே 'பிறகு வாங்க'. இவ்வளவு மரியாதையாக நான் சொன்னதில்லை. மறுநாள் சைக்கிள் மணி அடித்தேன். "மீன் வேண்டாம், நாங்க சைவமாக்கும்" என்றாள். மூன்றாம் நாள் வாயாலேயே டிக்டிக் என்று சொல்லிப் பார்த்தேன். பிந்துஜாதான் பயந்தாள். இன்றோடு ஒன்பது நாள், மக்ளே. தினமும் ஒரு அன்னியன் பால் கொண்டுவருகிறான்.

ஆகவே பழைய சக்கரத்தையே மாட்டிக்கொள்ள உன் சம்மதம் வேண்டும். விழுந்தால் எலும்புதான் போகும். கேட்டு வாங்கும் பழக்கம் எனக்கு இல்லை, இருந்தும் கேட்கிறேன்.

நீங்கள் மூவரும் ஒருவர் முகம் ஒருவருக்கு மறக்காமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

அப்பா

பி.கு.: இதை எழுதி நாலு நாளாகிறது. அனுப்பவில்லை. உன் சம்மதத்துக்குக் காத்திராமல் ஷைஜுவிடம் பழைய சக்கரத்தை மாட்டச் சொல்லிவிட்டேன். பயப்படாதே, ஏறவில்லை. கையால் உருட்டிக்கொண்டு நடந்தேன். உருட்டினாலும் டிக்டிக் கேட்கும். கேட்டது. "வந்தாச்சா?" என்று அம்மா வாசலுக்கே வந்துவிட்டாள். சைக்கிளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "சைக்கிளக் கொண்டு வந்தேளா? அவரு பொறத்தால நடந்து வருவாரு, இருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். இருந்தேன். பிந்துஜா சாயா கொண்டுவந்தாள். "அவருக்கும் ஒண்ணு எடுத்து வையி" என்றாள் அம்மா.

இரண்டு சாயாவையும் நான்தான் குடித்தேன்.