சமையலறை ஜன்னலில் அடையாளம் தெரியாத கால்

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதிக்கொண்டது. நான் சுகம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் இந்நேரம் நீ போன் போட்டுப் புலம்பியிருப்பாய். நான் தினமும் போலீஸ் அலுவலகத்துக்குப் போய்வருவதாக யாராவது உன் காதில் போட்டிருப்பார்கள். உண்மைதான். யாரும் என்னைப் பிடிக்கவில்லை. பிடிக்கச் சொல்லித்தான் நடையாய் நடக்கிறேன், அவர்கள் மாட்டேன் என்கிறார்கள்.

விஷயம் இதுதான். உன் அக்கா போன பிறகு அவளுடைய துணிமணி இருக்கிறது, போட்டோக்கள் இருக்கின்றன, மூக்குக்கண்ணாடிகூட அலமாரியில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. குரல் மட்டும் இல்லை. போன் அடித்தாலே "உங்களுக்குத்தான்" என்று என் கையில் திணித்துவிட்டுப் போகிறவள் அவள். அவளுக்கே வந்த போனானாலும் அப்படித்தான். என் செல்போனை அலசிப் பார்த்துவிட்டேன், ஒரு ஹலோகூடக் கிடைக்கவில்லை. அவள் என்னென்ன சொல்வாள் என்பது நினைவிருக்கிறது. எப்படிச் சொல்வாள் என்பது கொஞ்சம் கொஞ்சமாகக் கைநழுவுகிறது. என்னால் தாங்க முடியவில்லை, மச்சான். அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் தானாகப் போனை எடுத்து, முன்பின் தெரியாத ஆளிடம், பேச்சு பதிவாகிற இடத்தில் ஒரே ஒரு தடவை பேசியிருக்கிறாள். போலீஸ் அவசர உதவிக்கு. என்னைப் பற்றி.

ஒவ்வொரு விசேஷத்திலும் நீ கண் காது மூக்கு வைத்துச் சொல்கிற கதைதான். அச்சகத்தில் மிஷின் படுத்துக்கொண்டதால் அன்று அரை மணி முன்னதாகவே எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாவியை மறந்து போயிருந்தேன். அழைப்பு மணி வேலை செய்யவில்லை. இந்த வாரம் சரிசெய்கிறேன், அடுத்த வாரம் சரிசெய்கிறேன் என்று நான் சொல்லிக்கொண்டிருந்த மணி அது. தட்டினேன். உன் அக்கா பின்னறையில் தையல் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள், காதில் விழவில்லை. சரி என்று சமையலறை ஜன்னலில் ஏறினேன். ஒரு கால் உள்ளே போனது, வயிறு வர மறுத்துவிட்டது. தண்ணீர் குடிக்க வந்தவள், பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்கு மேலே ஒரு கால் தொங்குவதைப் பார்த்து, படுக்கையறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு போலீஸைக் கூப்பிட்டுவிட்டாள். பக்கத்து வீட்டில் கேட்டுவிடுமே என்று வெட்கப்பட்டு நான் வாயைத் திறக்கவில்லை. வெளியே மிச்சமிருந்த என்னைப் போலீஸ் வந்து பிடித்தது. அன்றிலிருந்து என் கட்சி ஒன்றுதான்: அந்தப் பேன்ட்டைத் துவைத்தவள் அவள், நீளத்தைக் குறைத்துத் தைத்தவள் அவள், யார் கால் என்று அவளுக்குத் தெரியும், மணியைச் சரிசெய்யாத கோபத்தில்தான் கூப்பிட்டாள். கேட்டால் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தமோ, கடைசி வரை சொல்லவில்லை.

போலீஸ் பதிவுப் பிரிவில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு அம்மாள் உட்கார்ந்திருக்கிறார். எதைக் கொடுத்தாலும் முத்திரை குத்துவதால் நான் அவருக்கு முத்திரையம்மாள் என்று பேர் வைத்திருக்கிறேன். அவரிடம் அந்த ஒலிப்பதிவு வேண்டும் என்று மனுக் கொடுத்தேன். புகார் கொடுத்தவர்தான் கேட்க முடியும் என்றார். அவர் வர முடியாது என்றேன். அப்படியானால் அவரிடம் ஒப்புதல் கடிதம் வாங்கி வரச் சொன்னார். அவளிடம் கடிதம் வாங்க வழி இருந்தால் நான் ஏன் அம்மா உங்களிடம் வருகிறேன் என்று இறப்புச் சான்றிதழை நீட்டினேன். அதற்கும் முத்திரை குத்தினார். அப்புறம் கம்ப்யூட்டரைப் பார்த்தவர் நிமிர்ந்து, "சந்தேக நபர்னு உங்க பேருதானே இருக்கு?" என்றார். ஆமாம் என்று பெருமையாகவே சொன்னேன். புகார் கொடுத்தவரின் குரலைச் சந்தேக நபரிடம் கொடுக்கக் கூடாதாம், அவருடைய பாதுகாப்புக்கு நல்லதில்லையாம். உன் அக்காவை என்னிடமிருந்து காப்பாற்ற இந்த உலகத்தில் இன்னும் ஓர் அலுவலகம் திறந்திருக்கிறது.

வழக்கு நடந்தால் சந்தேக நபருக்கும் நகல் உண்டாம். அப்படியானால் என் மேல் வழக்குப் போடுங்கள் என்று மேலதிகாரியிடமே போய்விட்டேன். நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். "உங்க வீட்டுக்குள்ள நீங்க நுழைஞ்சது குத்தமில்லைங்க" என்றார். பாதிதான் நுழைந்தேன் என்றேன். அதுவும் எடுபடவில்லை. அவர்கள் கொடுத்த மறுப்புக் கடிதத்தில் ஏகப்பட்ட எழுத்துப் பிழை. காலமெல்லாம் பிழை திருத்திச் சம்பளம் வாங்கியவனுக்குக் கை சும்மா இருக்குமா, சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தேன். அதற்குப் பிறகு முத்திரையம்மாள் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஆகையால் நீ எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். கூடப்பிறந்தவன் என்ற முறையில், உன் அக்கா வீட்டுக்குள் நான் கெட்ட எண்ணத்தோடு ஏறினேன் என்று ஒரு புகார் எழுதிக் கொடு. எங்கள் கல்யாணத்தன்றிலிருந்து உனக்கு இருக்கும் ஆசைதானே. அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டு, பிழை திருத்தித் தருகிறேன்.

தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி. நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், சாவியை மறக்காமல், நீடூழி வாழ வேண்டும்.

உன் அத்தான்,
சந்தேக நபர்

பின்குறிப்பு: புகார் எழுதாதே. இதை ஒட்டுவதற்குள் முத்திரையம்மாள் கூப்பிட்டு அனுப்பினார். ஒலிப்பதிவை எப்போதோ அழித்துவிட்டார்களாம். அழைப்பைக் கேட்டு யாரோ தட்டச்சு செய்து வைத்த தாள் மட்டும் இருந்தது. தேடி எடுத்து, முத்திரை குத்தாமல், கண்ணாடிக்குக் கீழே தள்ளினார். "மனுதாரர் தமது சமையலறைச் சாளரத்தில் அடையாளம் தெரியாத கால் ஒன்றைக் கண்ணுற்றதாகத் தெரிவித்தார்" என்று ஆரம்பிக்கிறது. உன் அக்கா எந்தக் காலத்தில் சாளரம் என்று சொன்னாள்? ஏமாந்து போய் மடிக்கப் பார்த்தேன். கடைசியில் தட்டச்சு செய்தவருக்கு அலுத்துவிட்டது போலிருக்கிறது, கேட்டதை அப்படியே அடித்திருக்கிறார்:

"சீக்ரம் வாங்க. எங்க வீட்டுக்காரர் வர்ர நேரம். சாவிய மறந்துட்டு போய்ட்டாரு, ஜன்னல் ஏறினாலும் ஏறுவாரு. திருடன்னு நெனச்சு அவர அடிச்சிராதீங்க. கண்ணாடி போட்ருப்பாரு. பயந்த ஆளு."

வழக்கில் நான் தோற்றேன், மச்சான். அது என் கால் என்று அவளுக்குத் தெரியவே இல்லை. அந்த நான்கு வரியில் எத்தனை பிழை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிவப்புப் பேனாவைத் திறந்துவிட்டு மூடிவிட்டேன். நீ ஒரு தடவை வா. போனில் பேசும்போது உன் குரலில் அவள் சாயல் இருக்கிறது. இதை எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டு, ஒரு எழுத்தையும் திருத்தாமல். மணி இன்னும் வேலை செய்யவில்லை, கதவைப் பலமாகத் தட்டு.