புரதத்துக்கு வாழ்க்கைப்பட்டவர்

பெண்டாட்டிக்கு அடங்கியவரைப் பார்த்திருப்பீர்கள், பணத்துக்கு அடங்கியவரைப் பார்த்திருப்பீர்கள். ஒரே ஒரு புரதத்துக்கு வாழ்க்கைப்பட்டு, அதன் பேரில் யாராவது குறை சொன்னால் மூக்கு சிவக்கும் இனத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கோட்டிங்கன் ஊர் ஆய்வுக்கூடத்தில் மாடிக்கு ஒருவர் இருக்கிறார். அவர்களுடைய குடுவைகளைக் கழுவியே எனக்குக் கை வெளுத்துவிட்டது, ஆகையால் சொல்கிறேன்.

முதலில் அந்தப் புரதம் யாரென்று தெரிய வேண்டாமா? நம் உடம்பில் இருக்கிற மரபணுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வாய் திறந்தால் குடும்பம் தாங்காது. சிலவற்றின் வாயை அடைத்துத்தான் வைக்க வேண்டும். அடைக்கிறவர்களில் துத்தநாக விரல் புரதம் என்று ஒரு வகை. துத்தநாகத்தைக் கவ்விய விரல்களால், மரபணுக்கள் கோத்திருக்கும் மரபிழையைப் பிடித்துக்கொண்டு ஆள் கூப்பிடும். வந்த ஆட்கள் அந்த இடத்தை இறுக்கிச் சுருட்டிவிட்டுப் போவார்கள். இந்தக் குடும்பத்தில் பங்காளிகள் நூற்றுக்கணக்கில். எல்லாருக்கும் ஒரே மூக்கு, ஒரே முழி; பேருக்குப் பதில் ஆளுக்கொரு எண்.

அதில் ஒன்றைத்தான் எங்கள் மாடிப் பேராசிரியர் ஓல்டெகோப் கட்டிக்கொண்டார். ஒரு மரபணுவின் வாயை அடைப்பது அதுதான் என்று இளவயதில் எழுதிப் பேர் வாங்கினார். அன்றிலிருந்து அது "என் புரதம்". காருக்கு அதன் எண்ணையே கேட்டு வாங்கி மாட்டினார், தன் பிறந்தநாளுக்கு அந்த ஊர் வழக்கப்படி தானே கேக் கொண்டுவந்தார், அதிலும் கிரீமில் விரல், யாராவது உருளைக்கிழங்கு நோயைப் பற்றிப் பேசினாலும் கையைத் தூக்கி, "அங்க என் புரதத்தைத் தேடிப் பாத்தீங்களா?" என்றார். உருளைக்கிழங்கில் அது கிடையவே கிடையாது. அதனால் என்ன?

இவரிடம் முனைவர் பட்டத்துக்கு வந்தவள் வீப்கெ. அவள் அந்தப் புரதத்தின் மரபணுவையே செல்லிலிருந்து வெட்டி எடுத்துவிட்டாள். அது வாயடைத்து வைத்திருந்த மரபணு இப்போது பேச வேண்டும் அல்லவா? பேசவில்லை. போதாததற்கு, புரதம் இருந்தால் மட்டும் சோதனைப் படத்தில் விழ வேண்டிய கறுப்புக் கோடு, புரதமே இல்லாத செல்லிலும் ஜம்மென்று விழுந்தது. அதாவது, இத்தனை வருஷமாக இவர் பார்த்துப் பூரித்தது வேறு ஏதோ ஒரு பங்காளியின் முகத்தை.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவள் படத்தைக் காட்டினாள். நான் காபிக் கோப்பைகளை எடுக்கப் போயிருந்தேன்.

"நீ வெட்டினது சரியில்லம்மா."

"மூணு தடவ சரி பாத்தாச்சு, ஐயா. அந்த எடம் வெறும் எடம்."

"அப்ப செல்லுக்கு ஒடம்பு சரியில்ல."

"நல்லா தின்னுது, நல்லா பெருகுது."

"அப்ப என் புரதம் வேற எங்கயோ ஒளிஞ்சிருக்கு."

"செத்தவரு அடுக்களைல காபி போடறாருங்கறீங்க!"

ஹென்னிங் என்று ஒரு மூத்த உதவியாளன். தலையாட்டித் தலையாட்டியே வேலையை வருஷா வருஷம் நீட்டித்துக்கொண்டவன். "ஐயா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு" என்றான். கழுத்து இருக்கிறவன் ஆட்டுகிறான்.

கூட்டம் கலைந்ததும் பேராசிரியர் அவளை நிறுத்தினார். அந்த ஊரில் ஆய்வுக்கு வழிகாட்டுகிறவரை முனைவர் அப்பா என்றே சொல்வார்கள். அப்பா குரலை இழைத்துக்கொண்டார்.

"ப்ரேமன்ல ஒனக்கு வேல காத்திருக்கு. ஆய்வேட்டுலேந்து இந்த ஒரு படத்த எடுத்துடு, நாளைக்கே கையெழுத்துப் போடறேன். இல்லன்னா இன்னும் ஒரு வருஷம் செஞ்சு பாரு."

அவளுக்கு வாடகைக்குப் பேசிய வீடு, வேலை, காத்திருக்கிற காதலன் எல்லாம் ப்ரேமனில். "படம் இருக்கட்டும், ஐயா" என்றாள்.

ப்ரேமன் வேலை போயிற்று. அவள் அந்த வருஷத்தில் பங்காளிகளை ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தாள். ஒருவனை எடுத்ததும் அந்த மரபணு வாயைத் திறந்து கொட்டியது பாருங்கள், அவளும் கத்தினாள், நானும் குடுவையைக் கீழே போட்டேன்.

பேராசிரியர் வெட்கினாரா? வெட்கமாவது! பட்டத் தேர்வில் வெளியூர்ப் பரிசோதகர் அம்மாள் அவளைப் பாராட்ட வாயெடுத்ததும் இவர் எழுந்தார். "எனக்கு அப்பவே சந்தேகம். இந்தப் பங்காளிதான் இனிமே என் புரதம்." பழைய புரதத்துக்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட இல்லை. ஹென்னிங் தலையாட்டினான். வீப்கெக்குப் பட்டம் கிடைத்தது; வேலை இன்னும் தேடுகிறாள்.

சிரிக்கிறீர்கள். "நான் அதட்டி வைத்திருப்பதால்தான் என் பையன் அடங்கி இருக்கிறான்" என்று நீங்கள் தெருவெல்லாம் சொல்வதில்லையா? வீப்கெ செய்ததைச் செய்யுங்கள். உங்களை வீட்டிலிருந்து ஒரு வாரம் எடுத்துவிட்டு, அவன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். போக மாட்டீர்கள், எனக்குத் தெரியும். தப்பித் தவறிப் போய்வந்து, அவன் அப்போதும் அடங்கியே இருந்தான் என்று அக்கம்பக்கத்தார் சொன்னாலோ, "பார்த்தீர்களா, போகும்போது போட்ட அதட்டல்!" என்பீர்கள்.