சோடி இல்லாத கை

நாலு பக்கமும் உப்புத் தண்ணீர், நடுவில் கரும்பு. அப்படி ஒரு தீவு இருந்தது. உலகத்தில் யார் வீட்டில் பாயசம் வைத்தாலும் அதன் இனிப்பு அங்கிருந்துதான் போகும். சர்க்கரைத் தீவு என்று பெயர்.

அந்தத் தீவில் அடிமை என்று ஒருவர்கூடக் கிடையாது. ஆண்டுதோறும் அறுவடைத் தொடக்க நாளில் முதன்மந்திரி அருள்வரதர் மேடையேறி இதை அறிவிப்பார். அறிவிக்கும்போதே அவர் கண்கள் கலங்கும்.

"நம் கப்பல்கள் மனிதர்களைப் பிடித்து வருவதாக அக்கரையில் சில விஷமிகள் பேசுகிறார்கள். அபாண்டம்! நாம் இறக்குமதி செய்வது கைகளை மட்டுமே. கையோடு ஒட்டிக்கொண்டு தலை, வயிறு, தாய்மொழி முதலியவை வந்து சேர்ந்தால் அதற்கு அரசு எப்படிப் பொறுப்பாகும்?"

பண்ணையார்கள் கைதட்டுவார்கள். வழியில் கப்பலிலிருந்து கடலுக்குள் தள்ளப்பட்டவர்களைப் பற்றி அரசிதழ் 'சில கைகள் நனைந்தன' என்று எழுதும்.

தீவில் தேர்தலும் உண்டு. கையைத் தூக்கி வாக்களிக்கும் முறை. கை யாருக்குச் சொந்தமோ, வாக்கும் அவருக்குத்தான் சொந்தம். ஆகவே இருநூறு கைகள் வைத்திருந்த பண்ணையாருக்கு இருநூறு வாக்குகள். கைகளின் பெருக்கத்தால் மக்களாட்சி நாளுக்கு நாள் வலுத்து வந்தது.

சேம்பா அருள்வரதரின் ஆலையில் கரும்பு கொடுப்பவள். கரும்பு கொடுப்பது என்றால், சுழலும் இரும்பு உருளைகளின் இடுக்கில் கழிகளை ஒவ்வொன்றாகத் திணிப்பது. எட்டு வருஷத்துக்கு முன்னால் கப்பலில் வந்தாள். அப்போது வயிற்றில் ஈலா இருந்தாள். கப்பல் கணக்கில் இருவரும் சேர்ந்து ஒரு சோடிக் கைதான்.

தாயின் கை யாருக்குச் சொந்தமோ, பிள்ளையின் கையும் அவருக்கே சொந்தம் என்பது அந்நாட்டுச் சட்டம். தகப்பனைக் கேட்கும் வழக்கம் இல்லை. கேட்டால் பல பண்ணை வீடுகளில் சங்கடம் வரும்.

பிள்ளைக்கு எட்டு வயது முடிந்ததும் வயலில் இறக்குவார்கள். ஈலாவுக்கு இன்னும் நாற்பது நாள் இருந்தது. வயலில் இறங்கிய பிள்ளைகளில் பாதிப் பேர் அடுத்த அறுவடையைப் பார்ப்பதில்லை. சேம்பா அந்த நாற்பது நாளையும் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவ்வருஷம் கரும்பு அதிகம். 'தூக்கம் கையின் வேலை அன்று. ஆகவே கைகளுக்கு அது தேவையில்லை' என்று ஓர் ஆணை வந்தது. ஆணை வந்த நான்காம் நாள், உச்சி வெயிலில், நின்றபடியே சேம்பாவின் கண் ஒரு நொடி சொருகியது. அந்த நொடியில் உருளை அவள் வலது கையைக் கவ்வியது.

ஒவ்வொரு ஆலையிலும் உருளைக்குப் பக்கத்தில் ஒரு கோடாலி தொங்கும். உருளையை நிறுத்தினால் பாகு கெட்டுவிடும் என்பதால் அந்த ஏற்பாடு. கங்காணி தோமு கோடாலியை எடுத்தான். ஒரே வெட்டு. ஆலை நிற்கவில்லை.

பத்து நாள் கழித்துத் தோமு கொட்டகைக்கு வந்தான். அவனும் அதே கப்பலில் வந்தவன்தான். கையில் சாட்டை கொடுத்த பிறகு கங்காணி ஆனான்.

"என்னய சபிச்சிராத அக்கா. வெட்டலேன்னா தோளு வரைக்கும் இழுத்திருக்கும்."

"உன்னச் சபிச்சு என்னடா ஆவப் போவுது? கஞ்சி ஏன் நின்னுபோச்சு, அதச் சொல்லு."

"சட்டம்க்கா. 'கை என்றால் சோடி. சோடி இல்லாத கை கையாகாது. கையல்லாததற்குக் கஞ்சியில்லை.' போன வருசம் மந்திரி பெரியவரு அவரு கையாலயே எழுதுனது. கை போனதுங்களுக்கெல்லாம் யாரு கஞ்சி ஊத்துறதுன்னு."

சேம்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "இன்னொரு தடவ சொல்லு. ஒரு வார்த்த மாறக் கூடாது."

அவன் சொன்னான். மூன்றாம் முறை சொல்லும்போது அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து, காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்தான்.

மறுநாள் அவள் ஈலாவை இழுத்துக்கொண்டு சபை மண்டபத்துக்குள் நுழைந்தாள். காவலர்கள் தடுக்க வந்தார்கள். கைகள் அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது என்பதுதான் விதி. அவள் துணி சுற்றிய மொட்டைக் கையைத் தூக்கிக் காட்டினாள். கையல்லாததைத் தடுக்க விதியில் இடமில்லை. விலகினார்கள்.

"சாமி, நா யாரு?" என்று கேட்டாள்.

அருள்வரதர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். "சோடி இல்லாத கை கையாகாது. எனவே நீ… சட்டப்படி யாருமில்லை."

"உங்களுக்குச் சொந்தமா நா?"

"யாருமில்லாதது எவருக்கும் சொந்தமாக முடியாது. இதென்ன கேள்வி!"

"எனக்கே கை இல்லேன்னு ஆயிப்போச்சு. அப்ப என் வயித்துல பொறந்த இவ கை யாருக்குச் சொந்தம் சாமி?"

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். பண்ணையார் ஒருவர், "முதன்மந்திரி அவர்களே, அந்தச் சட்டத்தை யார் எழுதியது?" என்று கேட்டார். முதன்மந்திரிக்கு இருமல் வந்துவிட்டது.

சட்டம் சட்டம்தான். ஈலாவின் கைகள் எவருக்கும் சொந்தமில்லை என்று தீர்ப்பானது. தாயும் மகளும் மலைச்சரிவில் ஒரு குடிசை போட்டுக் கிழங்கு நட்டார்கள்.

அடுத்த எட்டு நாளில் பதினோரு தாய்மார்களின் வலது கைகள் உருளையில் போயின. ஆலைகளில் கவனக்குறைவு திடீரென்று பெருகிவிட்டதாக அரசிதழ் வருந்தியது. தோமு கோடாலியைக் கடலில் எறிந்துவிட்டு மலைக்கு ஓடிப்போனான்.

சபை கூடியது. சட்டத்தைத் திருத்தலாம் என்றார் நீதிபதி. "திருத்துவதற்குள் தீவில் கையே மிஞ்சாது" என்றார்கள் பண்ணையார்கள். கடைசியில் அருள்வரதர் எழுந்தார். கண்கள் கலங்கின.

"என் நெஞ்சம் உருகுகிறது. இன்றுமுதல் எல்லாக் கைகளுக்கும் விடுதலை!"

மணிகள் முழங்கின. கைகளைப் பிரிந்து வாடும் பண்ணையார்களுக்கு நாடே ஆறுதல் சொன்னது. துறைமுகத்தில் அருள்வரதர் சங்கிலியை உடைப்பது போல ஒரு வெண்கலச் சிலை எழுந்தது. பதினோரு பெண்களைப் பற்றிப் பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை.

விடுதலைக்கு அடுத்த வாரமே கால்களைப் பற்றிய சட்டம் வந்தது. கைகள் சுதந்திரமானவை, ஆனால் கால்கள் நிற்கும் நிலம் பண்ணையார்களுடையது. குடும்பத்துக்கு ஒருவராவது பண்ணைக் கூலியாக இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் தீவில் எங்கும் நிற்கலாகாது. மலைச்சரிவும் தீவில்தான் இருந்தது.

"போவட்டும். கூலிக்கு ஆளு வேணுமில்ல? நாம கேக்குற கூலிய கொடுத்துத்தான ஆவணும்" என்றாள் சேம்பா. விடுதலையான சனம் எல்லாம் அதையே சொன்னது. முழுக் கூலி கேட்டு, வயலில் இறங்காமல் இருபது நாள் உட்கார்ந்திருந்தது. கரும்பு காய்ந்தது. பண்ணையார்கள் கெஞ்சுகிற குரலுக்கு வந்துவிட்டார்கள்.

இருபத்தோராம் நாள் காலையில் கப்பல் வந்தது.

வேறொரு கரையிலிருந்து வந்த கப்பல். இறங்கியவர்கள் தலையில் பித்தளைச் செம்பும் துணி மூட்டையும் இருந்தன. ஒருத்தி நடுவதற்காக ஒடித்த முருங்கைப் போத்து ஒன்றைக் குழந்தைபோல் இடுப்பில் வைத்திருந்தாள். அவர்கள் ஊரில் மூன்று வருஷமாக மழை இல்லை.

"இவர்கள் கைகள் அல்லர்" என்று சிலைக்கடியில் நின்று அருள்வரதர் விளக்கினார். "முழு மனிதர்கள். தாமாகவே மனமுவந்து காகிதத்தில் பெருவிரல் வைக்கிறார்கள். ஐந்து வருஷம். அரைக் கூலி."

வரிசை நகர்ந்தது. சேம்பா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். "வெக்காதீங்க! அய்யோ, வெரல வெக்காதீங்க!" என்று தன் பாஷையில் கத்தினாள். மொட்டைக் கையை ஆட்டிக் காட்டினாள். ஈலாவும் பின்னாலேயே ஓடி வந்து, வரிசையில் நின்ற ஒரு சிறுமியின் தோளைத் தொட்டாள்.

சிறுமியின் தகப்பன் மகளை வெடுக்கென்று இழுத்தான்.

"தள்ளி நில்லு புள்ள! மேல பட்டுறப் போவுது. என்ன சனமோ, ஏது சாதியோ!"

"அந்தம்மா என்னமோ சொல்லுதுய்யா" என்றாள் அவன் மனைவி.

"பிச்ச கேக்குதுடி. கை இல்ல பாரு. நாம ஒழைக்க வந்திருக்கம். இதுங்களோட நமக்கென்ன பேச்சு?"

சொல்லிவிட்டு அவன் மசியில் பெருவிரலைத் தோய்த்தான். மகளின் விரலையும் பிடித்துத் தோய்த்தான்.

சாயங்காலம் தண்டோரா போட்டார்கள். ஆள் போதும், பழைய சனத்துக்கும் இனி அரைக் கூலிதான், ஒப்பாதவர் விடிவதற்குள் தீவை விட்டு நீங்க வேண்டும். நீங்குவதற்குச் சுற்றிலும் கடல்தான் இருந்தது. சேம்பாவுக்கு ஒரு கைதான். அவளைக் கூலிக்குச் சேர்க்க மாட்டார்கள். ஈலா போய்க் கூலி வரிசையின் கடைசியில் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்றவர்கள் நாலடி முன்னே நகர்ந்து இடம்விட்டு நின்றார்கள்.

அருள்வரதர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரு சனமும் ஒன்றுகூடாமல் தடுக்க அவர் பதினேழு பிரிவுகள் கொண்ட ஒரு சட்டம் எழுதி வைத்திருந்தார். அதை எடுத்து நான்காகக் கிழித்தார்.

"இது தேவைப்படாது" என்றார் எழுத்தரிடம். "மூட்டையிலேயே கட்டி எடுத்து வந்திருக்கிறார்கள்."