பல்கேரியாவில் என் தலை செய்த வேலை

ஊர் உலகத்தில் 'ஆமாம்' என்றால் தலையை மேலும் கீழும் ஆட்டுவார்கள், 'இல்லை' என்றால் பக்கவாட்டில் ஆட்டுவார்கள். பல்கேரியாவில் அப்படியே தலைகீழ். மேலும் கீழும் என்றால் இல்லை, பக்கவாட்டில் என்றால் ஆமாம். இது இன்றைக்கு எனக்குத் தெரியும். அந்த நாட்டுக் கோடை முகாமில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத் தன்னார்வலராகப் போனபோது தெரியாது. விசாவுக்கு என்ன வேண்டும், பெட்டி எத்தனை கிலோ இருக்கலாம் என்றெல்லாம் தேடித் தேடிப் படித்த மகராசி, இதை மட்டும் படிக்கவில்லை.

இதில் பெரிய கொடுமை, நான் நானாகவே போயிருந்தால் தப்பித்திருப்பேன். திருநெல்வேலிக்காரர்கள் பெற்று, கொல்கத்தா பெஹாலாவில் வளர்ந்த தலை இது. 'சரி' என்றாலே தானாகப் பக்கவாட்டில்தான் ஆடும். பல்கேரியாவுக்கென்றே செய்த தலை. அதைப் போய்த் திருத்தி அனுப்பினார் என் அப்பா.

அப்பாவுக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் வேலை. வெளிநாட்டுக் கப்பல்காரர்களோடு பேசிப் பேசி, வெள்ளைக்காரர் விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு நினைப்பு. எனக்கு டீச்சராக ஆசை. அவருக்கோ நான் பேங்க் பரீட்சை எழுத வேண்டும். கடைசியில் ஓர் ஒப்பந்தம் போட்டார்.

"போயிட்டு வா. அடுத்த வருசமும் வான்னு அவங்களே உன்னயக் கூப்பிட்டா, நீ டீச்சர். கூப்பிடலேன்னா வாயத் தொறக்காம பேங்க் பரீட்சை எழுதணும். சரியா?"

நான் ஆனந்தமாகத் தலையை ஆட்டினேன். அப்பா முகம் சுளித்தார்.

"எதுக்குட்டி தலயக் கரகம் மாதிரி ஆட்டுத? வெள்ளைக்காரனுக்கு ஆமான்னா மேலயும் கீழயும், இல்லன்னா பக்கவாட்டுல. நடுவுல ஒண்ணும் கெடையாது."

அன்றிலிருந்து வீட்டில் பயிற்சி. காபி வேணுமா? மேலும் கீழும். வெளியே போகிறாயா? பக்கவாட்டில். எனக்குச் சொல்லிக்கொடுக்கிற சாக்கில் அப்பாவும் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே திரிந்தார். கீழ் வீட்டு ரீனா பௌதி பார்த்து, என்ன ஆச்சோ என்று பதறிவிட்டாள். "கீ ஹோலோ தாதா, ஸ்பாண்டிலைட்டிஸ்?" என்று கேட்டவள் ('பௌதி' என்றால் வங்காளியில் அண்ணி, 'தாதா' என்றால் இங்கே அண்ணன், வேறு மாதிரி நினைக்க வேண்டாம்), பதிலுக்குக் காத்திராமல் ஹோமியோபதி உருண்டைகளும் கொண்டுவந்து கொடுத்தாள். என் பெட்டிக்குள் ஒரு குரங்குக் குல்லாவையும் திணித்தாள். அது ஜூலை மாதம்.

முகாம் ஒரு மலையடிவாரத்தில் இருந்தது. நடத்தியவள் எலேனா, அருமையாக ஆங்கிலம் பேசுவாள். அவளோடு எனக்கு எல்லாமே வாய்ப்பேச்சு என்பதால் தலைக்கு வேலை வரவில்லை. வேலை வந்தது சாப்பாட்டுக் கூடத்தில். சமையல்கார அம்மாள் தயிரில் வெள்ளரிக்காய் மிதக்கும் சில்லென்ற சூப்பை அகப்பையில் எடுத்துக்கொண்டு வருவாள். 'போதும் தாயே' என்று பக்கவாட்டில் ஆட்டுவேன். முகம் மலர்ந்து இன்னும் இரண்டு அகப்பை ஊற்றுவாள். சுடச்சுட ரொட்டி வரும். ஆசையோடு மேலும் கீழும் ஆட்டுவேன். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். போன ஜென்மத்துப் பகை என்றே முடிவுகட்டினேன்.

வகுப்பிலோ என் அறிவு இன்னும் பிரகாசித்தது. முதல் நாளே ஒரு சட்டம் போட்டேன்: ஆங்கிலம் தவிர எந்த மொழியும் கூடாது. பாவம், ஆங்கிலம் தெரியாத பிள்ளைகள். அவர்களிடம் மிச்சமிருந்தது தலை ஒன்றுதான். "புரிந்ததா?" என்பேன். பக்கவாட்டில் ஆட்டுவார்கள். ஐயோ புரியவில்லையே என்று அதே பாடத்தை மறுபடியும், மறுபடியும் நடத்துவேன். நிஜமாகவே புரியாதபோது மேலும் கீழும் ஆட்டுவார்கள். ஆகா, என்ன சூட்டிகை என்று அடுத்த பாடத்துக்குத் தாவுவேன்.

போதாததற்கு, பிள்ளைகளிடம் 'தப்பு' என்று வாயால் சொல்லவே கூடாது, கனிவாகத் தலையசைத்தால் போதும் என்று ஏதோ ஒரு வீடியோவில் பார்த்து வைத்திருந்தேன். "திங்களுக்கு அடுத்து?" என்று கேட்டேன். மிலா என்கிற ரெட்டைச் சடைப் பெண் "டியூஸ்டே" என்றாள். அப்பா சொல்லிக்கொடுத்தபடி மேலும் கீழும் ஆட்டினேன். குழந்தையின் முகம் வாடிவிட்டது. கொஞ்சம் யோசித்து, "வெட்னஸ்டே?" என்றாள். வருத்தத்தோடு பக்கவாட்டில் ஆட்டினேன். அவளோ துள்ளிக் குதித்து வகுப்புக்கே அதைச் சொல்லிக்கொடுத்தாள். தப்புக்கே இத்தனை சந்தோஷமா, என்ன மனத்தெம்பு என்று நான் வியந்தேன். (நான் டீச்சராகக் கூடாது என்று அப்பா நினைத்ததில் என்ன தவறு?)

கடைசி நாள் விழா. பெற்றோர் எல்லாரும் வந்திருந்தார்கள். பெஹாலாவில் அப்பாவும் அம்மாவும் ரீனா பௌதியும் வீடியோ காலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒத்திகையில் எல்லாமே தப்பு. பிள்ளைகள் மட்டும் கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி குதூகலமாக இருந்தார்கள். எனக்குக் கண்ணை மூடினால் பேங்க் கவுன்ட்டர் தெரிந்தது.

மிலா முன்னால் வந்து வாரத்தின் நாட்களைத் தொடங்கினாள். "மண்டே, வெட்னஸ்டே, சண்டே, ஃப்ரைடே..." மேடை ஓரத்தில் நின்ற நான் பதறிப்போய்ப் பக்கவாட்டில் தலையை ஆட்டினேன். டீச்சரே பாராட்டுகிறாரே என்று எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். நான் ஆட்ட ஆட்ட அவர்கள் குரல் ஏறியது. ஆங்கிலம் தெரிந்த பெற்றோர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தெரியாதவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

எலேனா கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு வந்தாள். அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. "ஆங்கிலம் எல்லாம் தப்பு. ஆனால் இந்தப் பிள்ளைகள் மேடையில் இப்படி வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. அடுத்த வருடமும் நீ வர வேண்டும்" என்றாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எலேனா என் ஃபோனை வாங்கிக் கூட்டத்துக்குத் தெரியும்படி தூக்கிப் பிடித்து, அவர்களுக்குப் புரியப் பல்கேரிய மொழியிலும் அப்பாவுக்குப் புரிய ஆங்கிலத்திலும் கேட்டாள்: "சார், அடுத்த வருடமும் உங்கள் மகளை அனுப்புவீர்களா?"

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பேச்சு வராமல், கண் கலங்க, அத்தனை நாள் பயிற்சியையும் கூட்டி மேலும் கீழும், மேலும் கீழும் ஆட்டினார்.

அரங்கமே கப்சிப். மிலா ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"உன் அப்பா ஏன் இவ்வளவு கடுமையாக மறுக்கிறார்?" என்று எலேனா என் காதில் கேட்டாள்.

"மறுக்கிறாரா? ஆமாம் என்றல்லவா ஆட்டுகிறார்?"

எலேனா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். சூப்பு, ரொட்டி, டியூஸ்டே எல்லாம் என் கண்முன் வரிசையாக வந்து நின்றன. ஃபோனைப் பிடுங்கினேன்.

"அப்பா, தலயப் பக்கவாட்டுல ஆட்டுங்க."

"இல்லன்னு சொல்லச் சொல்லுதியா? உனக்கு டீச்சர் வேலை வேண்டாமாட்டி?"

"வேணும்ப்பா. நம்ம வீட்டுல ஆட்டுவீங்கள்லா, அது மாதிரி ஆட்டுங்க."

அப்பா சந்தேகத்தோடு மெதுவாக ஆட்டினார். அசல் திருநெல்வேலி ஆட்டம். அரங்கம் அதிர்ந்தது. மிலா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று தெரியாமலே அப்பா இன்னும் வேகமாக ஆட்டினார். பின்னால் ரீனா பௌதி உருண்டை டப்பாவைத் திறப்பது தெரிந்தது.

இப்போது கொல்கத்தாவிலேயே, டாக்குரியாவில் ஒரு பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். பேங்க் பேச்சை யாரும் எடுப்பதில்லை. போன வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எனக்கு மாப்பிள்ளையைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. சம்மதமா என்று அம்மா கேட்க, வெட்கத்தோடு தலையை ஆட்டினேன். மாப்பிள்ளை வீட்டார் முகம் மலர்வதற்குள் அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இருங்க, அவசரப்படாதீங்க. ஏட்டி, இது எந்த ஊரு ஆட்டம்? வாயத் தொறந்து சொல்லு."